உப்புப் பொருத்தம்

சண்முகவடிவுக்கு வயதாகி, ஒரு காது பாதி அடைத்துப்போன பிறகும், எங்கேயாவது ஒரு வெண்கலச் செம்பு கைதவறி விழுந்தால் அவளுக்குக் கேட்பது அந்தச் செம்பின் சத்தமல்ல. முன்பொரு தை மாதக் காலையில், சிப்பிவிளைத் தெருக்குழாயடியில், தங்கை பிரமசக்தியின் தோளிலிருந்து எழுந்த சத்தம்தான். யார் குடம் முந்தி என்கிற வழக்கமான சண்டையில், பக்கத்து வீட்டு லிங்கக்கனி மதினி "தள்ளி நில்லுட்டி" என்று விரல் முட்டியால் பிரமுவின் தோளில் ஓர் இடி இடித்தாள். இடித்ததும் அந்தத் தோள், நல்ல வார்ப்பில் செய்த மணியைப் போல, ணங்கென்று ஒலித்தது. ஒலி குடங்களின் மேலேறி, தெருவைக் கடந்து, ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்களுக்கு மேலாகப் போய், லாரிகளை நிறுக்கும் எடைமேடை வரைக்கும் சென்று திரும்பி வந்து, வந்த பிறகும் அடங்க மனமில்லாமல் குழாயடியிலேயே சற்று நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

யாரும் குடத்தை நழுவவிடவில்லை. லிங்கக்கனி தன் விரல் முட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என்னத்தட்டி உள்ள வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல மதினி. இன்னும் ரெண்டு இடி இடிங்க. கோயிலுக்கு மணி வாங்குத செலவு ஊருக்கு மிச்சம்," என்றாள் பிரமு. சிரித்த குலுக்கலிலும் அவள் லேசாக ஒலித்தாள்.

அன்று உச்சிப்பொழுதுக்குள் ஊரே ஒருவரை ஒருவர் தட்டிப் பார்த்து முடித்திருந்தது. சிலர் மணியாக ஒலித்தார்கள். சிலர் ஈரமணலில் தேங்காய் விழுந்ததுபோல் தொம்மென்றார்கள். ஆணென்றும் பெண்ணென்றும் அதில் வித்தியாசம் இருக்கவில்லை, பணக்காரர் ஏழை என்றும் இருக்கவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் எல்லோருக்கும் ஒரே நிறத்து மாத்திரையைக் கொடுத்தார். பஸ் கண்டக்டர், நெரிசலில் தோளைத் தட்டித் தட்டி ஆட்களை நகர்த்திப் பழகியவர், "மணியெல்லாம் முன்னால போங்க, மண்ணெல்லாம் பின்னால வாங்க" என்று பிரித்து நிற்கவைக்கத் தொடங்கினார், அப்படி நின்றால் சத்தம் குறைவு என்பதற்காக. மாசி பிறப்பதற்குள் அது ஊரின் குணங்களில் ஒன்றாகிவிட்டது. கண் பூனைக்கண், முடி சுருட்டை, தோள் மணி என்று அடையாளம் சொல்லிக்கொண்டார்கள்.

உப்பு விழுந்தது அதற்குப் பிறகுதான். உண்மையில் முன்பே விழுந்திருக்க வேண்டும், ஆனால் உப்பளத்தில் உழைக்கிறவர்களின் உள்ளங்கையில் உப்பு இருப்பதை யார் கவனிப்பார்கள்? வளையல்காரர் ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மணித்தோள்காரப் பெண்ணொருத்தியின் கையைப் பிடித்து வளையலேற்றிக்கொண்டிருந்தபோது, இருவரின் விரல்களுக்கு நடுவிலிருந்து சின்னச் சின்னச் சதுரமாக, வெள்ளையாக, பொலபொலவென்று அவள் மடியில் உதிர்ந்தது. வளையல்காரர் மண்தோள்காரர். ஊர் கூடியது. வடிவின் தகப்பனார் சுயம்பு, அளத்தில் கங்காணி, கையால் அள்ளியே உப்பின் தரம் சொல்கிறவர், ஒரு பரலை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, எல்லோரும் காத்திருக்க, "முதல் தரம். கசப்பு கொஞ்சமும் இல்ல," என்றார். அத்தோடு ஊர் சமாதானமாகிவிட்டது. கசந்திருந்தால் பரிகாரம் தேடியிருப்பார்கள்.

நல்ல உப்பு விழுந்தால் நல்ல ஜோடி என்ற எண்ணம் யார் வாயில் முதலில் வந்தது என்று தெரியாது. பங்குனிக்குள் ஜாதகக் கட்டுகளைப் பரணில் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சந்தையில் பானை வாங்குவதுபோல் பெண்ணின் தோளைத் தட்டி, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டார்கள். மணியும் மண்ணும் சேர்ந்தால்தான் உப்பு என்பதால், எல்லோரும் மகளுக்கு மணியும் மகனுக்கு மண்ணும் வேண்டுமென்று விரும்பத் தொடங்கினார்கள். மணித்தோளோடு பிறந்துவிட்ட பையன்களின் தாய்மார் அவர்களை ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். மண்ணாக இருந்த பெண்பிள்ளைகளுக்கு மஞ்சளோடு வெண்கலப்பொடி அரைத்துப் பூசினார்கள். கொடுக்கிற மணி பெண், வாங்குகிற மண் ஆண் என்று சீக்கிரமே எல்லோருக்கும் அது ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்ததுபோல் தோன்றிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பையனும் பெண்ணும் கை பிடித்துப் பார்க்க ஊர் வழக்கத்தில் இடமில்லை. பிடித்துப் பார்க்காமல் உப்பாகுமா ஆகாதா என்று எப்படித் தெரியும்? மணியெல்லாம் ஒரே மணியல்ல, மண்ணெல்லாம் ஒரே மண்ணுமல்ல. இரண்டு கல்யாணங்களில் முகூர்த்த நேரத்தில் கையைச் சேர்த்தபோது வெறும் வேர்வைதான் வந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் தரகர் வைகுண்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பள்ளிக்கூடத்து வேதியியல் டீச்சரான வடிவைத் தேடிவந்தார்.

"டீச்சர், எதுவும் எதுவும் சேந்தா உப்பாகும்னு பிள்ளைகளுக்கு நீங்க பாடம் எடுக்கியளாம். எங்களுக்கும் கொஞ்சம் எடுக்கணும்."

வடிவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. பாடத்தை அவள் விரும்பியதுபோல் யாரும் அவளிடம் விரும்பிக் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியதெல்லாம் இப்போது ஊரின் கவலையாகி அவள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னாள்: தனிமங்களின் அட்டவணையில் இடது ஓரத்தில் இருப்பவை வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரானை வைத்துக்கொண்டு அதையும் இழக்கத் தவிப்பவை, அவற்றின் ஒலி உயரமாகவும் மெல்லியதாகவும் இருக்கும், வலது பக்கம், யாரோடும் சேராத அந்தக் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் இருப்பவை ஒன்றே ஒன்று குறைந்து அதைப் பறிக்கத் தவிப்பவை, அவற்றின் சத்தம் ஈரமணல், இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே தூரம் கூடக்கூட உப்பு நிச்சயம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை உப்பாகாது. மண்ணும் மண்ணும் சேர்ந்தால் இருப்பதைப் பங்குபோட்டுக்கொள்ளும், உப்பாகாது. மணியும் மணியும் சேர்ந்தால் சும்மா கூடி ஒலிக்கும், உப்பாகாது.

"கீழத்தெருவுல ஒரு பிள்ள," என்றார் வைகுண்டம், "ஒரு தட்டுக்கு ரெண்டு தடவ ஒலிக்கா."

"அவ ரெண்டு குடுக்கிறவ அண்ணாச்சி. ஒண்ணு வாங்குதவனா இருந்தா ரெண்டு பேரு வேணும்."

"ரெண்டு மாப்பிள்ளையா? ஊர் சிரிச்சிரும் டீச்சர்."

"அப்ப ரெண்டும் வாங்குத ஒருத்தனப் பாருங்க. தட்டினா காலிச் சாடி மாதிரிக் கேக்கும்."

பார்த்தார்கள். ரெட்டை உப்பாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு வடிவு சொன்னது ஒன்றும் பொய்க்கவில்லை. பெண்ணைத் தட்டுவதை அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்பாள், பிறகு பையன் வீட்டுக்குப் போய்க் கேட்பாள், ஆகும் என்பாள், ஆகாது என்பாள், அவ்வளவுதான். ஊரில் அவளுக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். ஒருநாள் வைகுண்டம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "உங்களத் தட்டிப் பாக்கவே இல்லையே டீச்சர்," என்று விரல் முட்டியை மடக்கியபோது அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். தட்டாதவரைக்கும் இழக்க ஒன்றுமில்லை என்று அவள் நினைத்தாள்.

பிரமு, கடல்தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டு மெக்கானிக் தவசியோடு பேசிக்கொண்டிருந்தாள். அது ஊருக்குத் தெரியும். தெரியாமலிருக்க வழியில்லை, ஏனென்றால் தவசியும் மணி, ஈரத்துண்டு போட மறுத்துவிட்ட ஒரே ஆண். இருவரும் பம்பு செட்டுச் சுவரில் சாய்ந்து நின்று எதற்காவது சிரித்துத் தோள் இடித்துக்கொண்டால், அவனுடைய கனத்த ஒலியும் அவளுடைய மெல்லிய ஒலியும் ஒன்றையொன்று விட்டுப்போகாமல் பின்னிக்கொண்டு பாத்திகளின் மேல் போகும். உப்பு வாருகிற பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று கேட்பார்கள். ஒரு பரல் உப்புக்கூட விழுந்ததில்லை.

சித்திரையில், கூட்டுறவுச் சங்கத்தில் வேலைபார்க்கும் அரிராமனின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். சுயம்பு சாப்பிட்டுக் கைகழுவி, மூத்தமகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். பிரமு அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அளத்துக்காரன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. நீயே சொல்லு தாயி. தவசி பயலுக்கும் இவளுக்கும் உப்பாகுமா?"

"ஆகாது அய்யா."

"அரிராமனுக்கு?"

அரிராமனைத் தட்டியபோது வடிவு கேட்டிருந்தாள். ஈரமணல், சுத்தமான ஈரமணல். அட்டவணையின் ஒரு கோடி அவன், மறுகோடி இவள்.

"உடனே ஆகும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் அவர் இளையவளிடம், கோபமில்லாமல்.

பிரமு அக்காவைப் பார்த்தாள். "உப்பானா நல்லதாக்கா?"

"அய்யா கேட்டது ஆகுமா ஆகாதான்னுதான்."

"நான் கேக்கது வேற."

"பாடத்துல அது இல்லட்டி," என்றாள் வடிவு. அவள் சொன்னது உண்மைதான்.

வைகாசியில் கல்யாணம். தாலி கட்டி, கையைக் கையில் வைத்ததும், விரல் இடுக்குகளிலிருந்து உப்பு கொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியும் மணையும் வெள்ளையாயின. அப்படியொரு உப்பை ஊர் அதுவரை பார்த்ததில்லை. அள்ளி ஒரு மரவைக் கிண்ணத்தில் போட்டு மாப்பிள்ளை வீட்டுச் சாமி மாடத்தில் வைத்தார்கள், மீதியைச் சமையல்காரர் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு போனார். பிறகு வழக்கப்படி அரிராமனின் அத்தை வந்து புதுப்பெண்ணின் தோளைத் தட்டினாள். மணி இல்லை. மண்ணும் இல்லை. பஞ்சைத் தட்டியதுபோல் ஒன்றுமே இல்லை. "அடங்கிட்டா," என்றாள் அத்தை, திருப்தியாக. பெண்கள் குலவையிட்டார்கள். அரிராமனைத் தட்டத் தேவையிருக்கவில்லை. ஏதோ நெடுநாள் பசி தீர்ந்தவன்போல் அவன் முகம் நிறைந்து தெரிந்தது.

ஆடியில் பெண்ணை அழைக்கப்போன வடிவு, அந்த வீட்டில் தங்கை இருந்த இருப்பைப் பார்த்தாள். முன்கட்டில் மாமனார், பின்கட்டில் பெரிய கொழுந்தன், இடதுபக்க அறையில் நடுக்கொழுந்தன், வலதுபக்க அறையில் சின்னவன், மச்சில் சிற்றப்பா, கீழே சங்கத்து உரக்கடையில் புருஷன். எல்லோரும் மண், நடுவில் இவள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு ஒருவர் இருந்தார். பாடத்தில் ஜோடி ஜோடியாக எழுதுவது எழுதுகிறவர்களின் வசதிக்காக. உப்புப் பரலுக்குள் ஜோடி என்று ஒன்று கிடையாது. அதையும் அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள், படம் வரைந்து.

"எப்படிட்டி இருக்க?"

"நல்லா இருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

"போனது என்னது? எது கொறஞ்ச மாதிரி இருக்கு?"

பிரமு வெகுநேரம் யோசித்தாள். யோசிக்கும்போது அவள் முகத்தில் சிரமம்கூட இல்லை.

"தெரியலக்கா. போனது என்னன்னு தெரியணும்னாலும் அதுதான் வேணும்போல."

அந்த வருஷம் ஊரில் மணிச்சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் பிரித்து நிற்கவைப்பதை விட்டுவிட்டார். வடிவு மட்டும் பாடம் எடுக்கையில் 'நிலைத்த தன்மை' என்ற சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, அடுத்த வரி மறந்தவள்போல் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. சிப்பிவிளைக்காரர்களைவிட மழைக்குப் பயந்தவர்கள் கிடையாது; வானத்தின் தெற்கு மூலை கறுத்தாலே ஓலையும் கயிறுமாக அம்பாரத்துக்கு ஓடுகிறவர்கள்; உப்புக்குத் தண்ணீர் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் அம்பாரங்களையெல்லாம் பத்திரமாக மூடிவிட்டு, வீடுகளை மூட மறந்துபோனார்கள். மழை விடாமல் பெய்து, கடலும் ஏறி, தெருவில் இடுப்பளவும் வீட்டுக்குள் முழங்காலளவும் தண்ணீர் நின்றது. முதலில் சாமி மாடத்து மரவைகளில் இருந்த கல்யாண உப்பு கசிந்து வழிந்தது. பிறகு, சண்டையில்லாமல், சத்தமில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கை கையிலிருந்து நழுவியது. ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லித் தண்ணீரோடு தண்ணீராகப் போனார்கள், சிலர் தூத்துக்குடிக்கு, சிலர் பம்பாய்க்கு; பெண்கள் தாய்வீட்டு வாசலில் வந்து ஈரத்தோடு நின்றார்கள். பிரமுவும் வந்து நின்றாள்.

சுயம்புவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை வடிவு பார்த்தாள். அவர் மகளின் தலையைத் துவட்டிவிட்டு, பயந்து பயந்து, விரல் முட்டியால் அவள் தோளைத் தட்டினார். பிறகு மறுதோளை. ஊரெல்லாம் அன்று தாய்மார் தட்டிக்கொண்டிருந்தார்கள். மழைச்சத்தம் மட்டும்தான் கேட்டது.

"பிரிஞ்சாச்சுல்ல," என்றார் சுயம்பு. "அப்ப வாங்கினத வச்சிட்டுத்தான போகணும்?"

"தண்ணி பிரிக்கும் அய்யா. திருப்பிக் குடுக்காது."

"இது உனக்கு முன்னமே தெரியுமா?"

"பாடத்துல அடுத்த பக்கம்," என்றாள் வடிவு.

சுயம்பு துவட்டிய துண்டை உதறிக் கொடியில் போட்டார். அன்றிலிருந்து அவளிடம் எதுவுமே கேட்கவில்லை.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு மத்தியானம் பிரமு, "பம்பு செட்டு வரைக்கும் வாரியாக்கா?" என்றாள். ஒரே குடையில் போனார்கள். பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தன. மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த தவசி எழுந்து நின்றான். பிரமு போய்ச் சுவரில், பழைய இடத்தில், சாய்ந்து நின்றாள். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, கொஞ்சம் தயங்கி, தோளால் அவள் தோளை இடித்தான். அவனுடைய கனத்த ஒலி எழுந்து, தனியாகத் தண்ணீரின் மேல் போய், தேடுவதுபோல் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு அடங்கியது. இன்னொரு தடவை இடித்தான்.

"நான் மட்டும்தான் கேக்கேன்," என்றான்.

"எனக்கும் நீ மட்டும்தான் கேக்க," என்றாள் பிரமு.

குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற வடிவின் பக்கம் அவன் திரும்பினான். "எதுலயாவது திரும்ப வருமா டீச்சர்?"

"உப்ப நெருப்புல உருக்கி, கரண்டப் பாய்ச்சினா வரும். அது மனுசருக்கு ஆகாது."

அவன் தலையை ஆட்டிவிட்டு மோட்டாரிடம் போனான். அடுத்த மாதம் வேறெங்கோ வேலை கிடைத்து ஊரைவிட்டே போய்விட்டான். ஊரில் கடைசியாகக் கேட்ட ஆண்மணி அதுதான்.

தை பிறந்து வெயில் ஏறியது. பாத்திகளில் தண்ணீர் வற்றத் தொடங்கிய அன்றைக்கே ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், யாரும் கூப்பிடாமல், எங்கே போயிருந்தோம் என்றும் சொல்லாமல். அரிராமன் தெருமுனையில் வந்து நின்றபோது பிரமு துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போகாண்டாம்ட்டி," என்றாள் வடிவு. "இங்கயே இரு. ஊர் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

"போகணும்னும் இல்லக்கா. இருக்கணும்னும் இல்ல." பிரமு பையைத் தூக்கிக்கொண்டாள். "காலு தானா நடக்குது. இழுக்குது. நீதான் அதுக்கு ஒரு பேரு சொல்லுவியே."

வடிவு அந்தப் பேரைச் சொல்லவில்லை. தெருமுனையில் கையும் கையும் சேர்ந்த இடத்தில் வெயிலில் ஏதோ மினுங்கியதை அவள் பார்த்தாள்.

பங்குனியில் வைகுண்டம் புதிய வரன்களோடு வந்தார். கீழத்தெருவில் ஒரு பெண், மேட்டுத்தெருவில் ஒரு பையன்.

"ஆகுமா டீச்சர்?"

"ஆகும். மழை வந்தா கரையும். கரைஞ்சாலும் போனது வராது."

"நான் ஆகுமான்னுதான கேட்டேன்," என்றார் அவர், பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசுகிற குரலில். "மழைய ஊர் பாத்துக்கிடும்."

ஊர் பார்த்துக்கொண்டது. அம்பாரத்துக்கு ஓலை போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. வீடுகளின் தரையை ஆளுயரம் மேடாக்கினார்கள், ஓடுகளைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள், ஜன்னல்களைச் சின்னதாக்கினார்கள், ஐப்பசி கார்த்திகையில் கல்யாணமான பெண்கள் வாசற்படி இறங்கக்கூடாது என்று வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். பிறகு வந்த மழைகளில் யாரும் யாரையும் பிரியவில்லை. சிப்பிவிளை மாதிரிக் குடும்பம் நடத்த வேண்டும் என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொண்டார்கள். வடிவு பள்ளிக்கூடத்தில் அந்த அடுத்த பக்கத்தையும் சேர்த்தே நடத்தினாள், ஓய்வு பெறும்வரைக்கும். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வருவதில்லை என்பதால் பிள்ளைகள் அதைப் படிக்கவில்லை.

எல்லா வீடுகளையும்விட அரிராமனின் வீடுதான் உயரமாக இருந்தது. பிரமசக்தி அந்த வீட்டிலேயே இருந்து, அந்த வீட்டிலேயே, மழை இல்லாத ஒரு சித்திரையில் இறந்தாள்.